மேடையும் வெளியேற்றமும்: ஒரு விளையாட்டின் தள்ளுவிசை பற்றிய சில சிந்தனைகள்

1

வெகுசனப் பொழுதுபோக்குச் சாதனங்கள் பற்றிய விமர்சனம் நம்மிடையே பெரும்பாலும் இரு முனைகளுக்கிடையே ஊசலாடி வந்துள்ளது. ஒரு முனையில் நிற்போர், அவற்றை முதலாளித்துவம் உற்பத்தி செய்யும் மயக்கமருந்து எனக் கூறி ஒரே பந்தியில் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். மறுமுனையில் நிற்போர், மக்கள் விரும்புவது யாதோ அதுவே மக்களுடையது எனக் கொண்டு, விற்பனைத் தொகையைத் தரத்தின் சான்றாக்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: அச்சாதனங்களை உற்று நோக்கவேண்டியதில்லை என்பதே அது. நாவலொன்றை ஆராயும்பொழுது அதன் கதைக்கட்டுமானம், நோக்குநிலை, மொழிநடை ஆகியவற்றை நுணுகி நோக்கும் நாம், கோடிக்கணக்கான இளைஞர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிடும் நிகழ்பட விளையாட்டுக்கு வரும்போது உருவ ஆய்வைக் கைவிட்டு விடுகின்றோம். அதில் வன்முறை உள்ளதா, இல்லையா என்ற வினாவோடு விசாரணை முடிந்துவிடுகின்றது.

இக்கட்டுரையில் நாம் ஒரேயொரு விளையாட்டின் ஒரேயோர் உருவக்கூறினை எடுத்துக்கொள்கின்றோம். யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1999 ஜனவரியில் வெளியிட்டு, 2001, 2008, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்து வந்த 'சுப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்னும் போர் விளையாட்டிலே, எதிரியைத் தள்ளி மேடையினின்றும் அகற்றுதலே வெற்றிக்கு வழியாக அமைந்துள்ளது. 2018ஆம் ஆண்டு வடிவம் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளது. இத்தள்ளல் எவ்வாறு தொழிற்படுகின்றது, எத்தகைய நிலைமைகளில் அது பிறந்தது, அதனைக்கொண்டு நாம் எதனை அறியலாம் என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

எமது வாதத்தைச் சுருக்கமாக முன்வைப்பின் அது வருமாறு: தள்ளல் என்னும் இவ்வுருவக்கூறு, தோல்வியை உடலின் அழிவாகக் காட்டாமல் இடத்தின் இழப்பாகக் காட்டுகின்றது, அவ்வகையில் நவீன சமுதாயத்தின் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகின்றது. ஆயின், அந்த மேடை யாருடையது என்ற வினாவை ஆட்டத்துள் எழவொட்டாமலும் அது தடுத்துவிடுகின்றது. அவ்வினா ஆட்டத்துக்கு வெளியே, ஆடியோரின் சொந்த வரலாற்றிலேயே எழுந்தது.

2

வழமையான போர் விளையாட்டின் இலக்கணத்தை முதலில் நினைவுகூர்தல் பயன்தரும். கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' அவ்விலக்கணத்தை நிலைநிறுத்தியது. திரையின் மேற்புறத்தில் இருவருக்கும் ஒவ்வோர் உயிர்ப்பட்டை உண்டு. அடி விழ விழ அது குறையும். முற்றாக ஒழிந்ததும் ஆள் வீழ்வான். இருவருக்கும் பின்னாலுள்ள களத்தின் ஓரம் சுவர் போன்றது; எவரும் அதற்கப்பால் செல்லமுடியாது. அங்கும் அடி எதிரியைச் சற்றுப் பின்தள்ளும். எனினும் அது இருவருக்குமிடையே உள்ள இடைவெளியை நிருணயிக்கும் துணைவிளைவு மாத்திரமே. உடல் ஒரு சேமிப்பு, போர் அச்சேமிப்பைக் கரைக்கும் முறை என்னும் எண்ணமே அவ்வாட்டத்தின் அடியில் கிடக்கின்றது.

'சுப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' இதனைத் தலைகீழாக்கிற்று. இங்கு உயிர்ப்பட்டை இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சதவீத எண் வழங்கப்படுகின்றது. அது பூச்சியத்தில் தொடங்கி, அடி விழுந்தோறும் ஏறும். அதன் உச்சம் 999. ஆனால் எந்த எண்ணும் தானாக எவரையும் கொல்வதில்லை. 300 சதவீதத்தை எட்டியவர், எவரும் தள்ளாதவரை நின்றுகொண்டே இருக்கலாம். பூச்சியத்தில் இருப்பவர் விளிம்பிலே கால் தவறி மீளமுடியாது போனால் அக்கணமே தொலைந்துபோவார். களம் வெட்டவெளியில் மிதக்கும் ஒரு மேடை. திரைக்கு அப்பால் நாற்புறமும் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு உண்டு. அதனைக் கடத்தலே சாவு.

எண் ஏற ஏற, அதே அடி அவரை மேலும் மேலும் தொலைவுக்கு எறியும். இவ்விசையை ஆட்டக்காரர் 'நொக்பாக்' என்பர். நாம் தள்ளுவிசை என்போம். அடியின் இயல்பு, அதனைப் பெறுபவரின் சதவீதம், அவரது பாரம் ஆகிய மூன்றும் அதனைப் பிரதானமாக நிருணயிக்கின்றன. பருத்த ஆமையரசனாகிய பவுசரை அசைப்பது கடினம். பலூன் போன்ற ஜிக்லிபப் சிறு அடிக்கும் பறந்துவிடும். ஆகவே, சதவீதம் காயத்தின் அளவு என்பதிலும் பார்க்க, ஒருவரின் காலூன்றல் எவ்வளவு தளர்ந்துள்ளது என்பதன் அளவு எனல் பொருந்தும்.

இம்மாற்றத்தின் பின்னணி யாது? 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' காசு போட்டு ஆடும் விளையாட்டு நிலையங்களுக்காக ஆக்கப்பட்டது. அங்கு பொறியின் வருமானம், தோற்றவர் எவ்வளவு விரைவில் அகன்று அடுத்த காசு விழுகின்றது என்பதில் தங்கியிருந்தது. ஆட்டம் குறுகியதாகவும் முடிவு ஐயத்துக்கிடமற்றதாகவும் அமைதல் வேண்டும். கரையும் உயிர்ப்பட்டையும் ஓடும் கடிகாரமும் அத்தேவைக்கு இசைந்தவை. அந்நிலையங்களில் வல்லார் ஆண்டனர், கல்லார் அகன்றனர். விளையாட்டின் வடிவமைப்பாளராகிய மசாஹிரோ சகுராய், தாம் ஒரு நிலையத்தில் அனுபவமற்ற ஓர் இணையரை இரக்கமின்றித் தோற்கடித்த நிகழ்ச்சியை இவ்வாக்கத்தின் தூண்டுகோல்களில் ஒன்றாகக் கூறியுள்ளார்.

1996இல் வெளிவந்த நின்டெண்டோ 64 என்னும் வீட்டுக் கருவியோ நான்கு கட்டுப்பாட்டுப் பிடிகளைப் பொருத்தும் வசதி கொண்டது. விளையாட்டு ஒருமுறை விற்கப்பட்டபின், ஆடும் நேரம் உற்பத்தியாளருக்கு நேரடி வருவாய் தருவதில்லை. தோற்றவரை எழுப்பி அனுப்பவேண்டிய பொருளாதார நிர்ப்பந்தம் இங்கு இல்லை. மாறாக, நால்வரும் ஒரே அறையில் சிரித்தபடி அமர்ந்திருத்தலே விற்பனைக்கு உகந்தது. எறியப்பட்டவர் அடுத்த உயிரோடு மீண்டும் மேடைக்கு வரும் இவ்வுருவம் அச்சூழலுக்கு இயைந்தது.

இதனால், பொருளாதார அடித்தளம் தள்ளுவிசையைத் தானே 'படைத்தது' என நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். அடித்தளம் வாய்ப்பின் எல்லைகளை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் மனித ஆற்றல் உருவத்தைக் கண்டுபிடிக்கின்றது. சகுராயும், அப்பொழுது ஹால் லபோரட்டரியின் தலைவராயிருந்த சதோரு இவாதாவும் தம் ஓய்வு நேரத்தில், ஒருவர் வடிவமைக்க மற்றவர் நிரலெழுத, இதன் முதல் மாதிரியை உருவாக்கினர். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் அதற்குத் திரும்புவோம்.

3

தள்ளல் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஆட்டத்தைக் கூர்ந்து அவதானிப்போர் குறைந்தது நான்கு வகைகளை வேறுபடுத்தலாம்.

முதலாவது, காயமும் தள்ளலும் இணைந்தது. கப்டின் பல்கன் என்பவனின் எரியும் முட்டிக்குத்தும், களத்தில் விழும் பேஸ்போல் மட்டையின் முழு வீச்சும் இவ்வகையின. இவற்றின் வலுவுக்கு விலையுண்டு. ஓங்குவதற்கு நேரம் செல்லும். எதிரி அதனைக் கண்டு விலகலாம். வெளிப்படையான வன்முறை, தன் வருகையைத் தானே அறிவித்துவிடுகின்றது.

இரண்டாவது, பிடித்து வீசுதல். அடியைத் தாங்கும் கேடயத்துள் ஒடுங்கி நிற்பவரையும் பிடித்துவிடலாம். நெஸ் என்னும் சிறுவன் எதிரியைத் தன் பின்புறமாக வீசும் வீச்சு, உயர்ந்த சதவீதத்தில் உயிரையே போக்கவல்லது. தற்காப்பே ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி, வெளியேற்றத்துக்கு வசதியாக்கிக் கொடுக்கும் முரண்பாட்டை இங்கு காண்கின்றோம்.

மூன்றாவது, விளிம்பைப் பற்றியிருத்தல். வெளியே எறியப்பட்டவர் எம்பித் தாவி மேடையின் விளிம்பைப் பற்றிக்கொள்ளலாம். ஆயின் முதல் மூன்று வடிவங்களிலும், ஒரு விளிம்பை ஒருவேளையில் ஒருவரே பற்றியிருக்க முடிந்தது. அங்கு ஏற்கெனவே ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தால், மீண்டு வருபவரின் கைக்கு எதுவும் அகப்படாது. அவர் கீழே போய்விடுவார். எவரும் அவரை அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. முந்தி வந்து இடத்தைப் பிடித்திருத்தலே வெளியேற்றத்துக்குப் போதுமாயிற்று. 2014ஆம் ஆண்டு வடிவத்தில் இவ்விதி மாற்றப்பட்டது. பிந்தி வருபவர் விளிம்பைப் பற்றின், முந்தியவர் அகற்றப்படுவார். 15 ஆண்டுக்காலம் இயற்கை நியதிபோல் தோன்றிய ஓர் உடைமைவிதி, ஆக்கியோரின் ஒரு தீர்மானத்தால் மறைந்தது. விதிகள் ஆக்கப்பட்டவை, ஆதலால் மாற்றத்தக்கவை என்ற எளிய உண்மையை விளையாட்டு இவ்வாறு புலப்படுத்துவது அரிது.

நான்காவது வகையே எமது சிறப்பான கவனத்துக்குரியது. அது காயமற்ற தள்ளல். 1999ஆம் ஆண்டு வடிவத்திலேயே 'ட்ரீம் லாண்ட்' என்னும் களத்தின் நடுவில் ஒரு மரம் நின்று, அவ்வப்போது காற்று ஊதி, எதிர்ப்பட்டோரை விளிம்பை நோக்கித் தள்ளும். அம்மரத்துக்குப் பகை இல்லை, நட்பும் இல்லை. 2008ஆம் ஆண்டு வடிவத்தில் மாரியோவுக்கு முதுகில் சுமக்கும் ஒரு நீர்ப்பீச்சி அளிக்கப்பட்டது. அதனின்று பாயும் நீர் எதிரியின் சதவீதத்தை ஒன்றேனும் கூட்டாது. ஆயினும், விளிம்பை நோக்கி இன்னும் ஒரு சாண் தூரமே இருக்க வந்துகொண்டிருப்பவரை அந்நீர் மெல்லப் பின்தள்ளின், அவர் மீளமாட்டார்.

இக்கருவியின் வரலாறு ஆராயத்தக்கது. மாரியோ 1981ஆம் ஆண்டு 'டொங்கி கொங்' விளையாட்டில் தச்சனாகத் தோன்றி, 1983இல் குழாய் பொருத்தும் தொழிலாளியானவன். அவனுடைய நீர்ப்பீச்சி 2002ஆம் ஆண்டு 'சுப்பர் மாரியோ சன்ஷைன்' விளையாட்டிலிருந்து வருகின்றது. அங்கு தீவொன்றை அழுக்குப்படுத்தியதாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, அத்தீவைத் துப்புரவு செய்யும்படி தண்டிக்கப்படும் மாரியோ, அப்பணிக்கு அப்பீச்சியைப் பயன்படுத்துகின்றான். விளையாட்டே உழைப்புக்கு முந்தியது என்ற பூசெரின் கருத்தை மறுத்து, உழைப்பே முந்தியது, விளையாட்டு அதன் வழி வந்தது எனப் பிளெகானவ் வாதிட்டமை நாம் அறிந்ததே. இங்கு அதன் விசித்திரமானதொரு பிற்காலத் தோற்றத்தைக் காண்கின்றோம். தொழிலாளியின் துப்புரவுக் கருவி, உழைப்பின் சுவடு முற்றாகத் துடைக்கப்பட்டு, மற்றொருவரை இடத்தினின்றும் அகற்றும் கருவியாகிவிட்டது.

அழகியல் நோக்கிலும் இந்நான்காம் வகை தனித்துவமானது. முட்டிக்குத்தைக் கண்டவர் அதனை வன்முறை என்பர். நீரைக் கண்டவர் சிரிப்பர். ஆயின் விளைவு ஒன்றே. சதவீதம் என்னும் கணக்கேடு காயங்களை மட்டுமே பதிகின்றது. காயமின்றி நிகழும் வெளியேற்றத்துக்கு அதில் நிரல் இல்லை. பதிவேட்டில் எதுவும் ஏறாமலே ஒருவர் இல்லாதொழிதல் கூடும் என்பதை இவ்விளையாட்டு, தான் அறியாமலே, துல்லியமாகக் காட்டிவிடுகின்றது.

4

எதிரியை எல்லைக்கு வெளியே தள்ளுதல் யப்பானியப் பண்பாட்டின் வெளிப்பாடு என விளக்க முற்படுவோர் உளர். சுமோ மற்போரில் 4.55 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே எதிரியை நகர்த்திவிட்டால் வெற்றி கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட 82 வெற்றிமுறைகளுள், பற்றி நகர்த்தலும் தள்ளி வெளியேற்றலும் மிகுதியாக நிகழ்பவை. ஒற்றுமை மறுக்கவியலாதது. எனினும் 'தேசிய ஆன்மா' என்பதைக் கொண்டு ஓர் உருவத்தை விளக்குதல், விளக்கப்படவேண்டியதையே விளக்கமாகத் தருவதாகும். மேலும் சுமோவில் வட்டத்தைக் கடந்த கணமே போர் முடிந்துவிடும். இங்கோ எல்லைக்கும் மேடைக்கும் இடையே ஒரு பெருவெளி உண்டு. போரின் பெரும்பகுதி அவ்வெளியிலேயே நிகழ்கின்றது. அவ்விடைவெளியே இவ்விளையாட்டின் உண்மையான கண்டுபிடிப்பு.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் வேறொரு பாகுபாடு துணைசெய்யக்கூடும். தொல்காப்பியப் புறத்திணையியல், மண்ணாசை காரணமாக எழும் போரை வஞ்சி எனவும், வலிமையை நிலைநாட்டுதலையே பொருளாகக் கொண்ட போரைத் தும்பை எனவும் பிரித்து நோக்குகின்றது. போரை அதன் ஆயுதங்களைக் கொண்டன்றி, அதன் நோக்கத்தைக் கொண்டு வகுத்த அப்பார்வை இன்றும் பயனுள்ளது. அதனை இங்குப் பொருத்திப் பார்ப்பின், இவ்விளையாட்டு வஞ்சியின் புறத்தோற்றமும் தும்பையின் உள்ளீடும் கொண்டது என்பது புலனாகும். ஒவ்வோர் அசைவும் நிலத்தைப் பற்றியது; ஆயின் நிலத்தை வென்றவர் எவருமில்லை. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் கைதட்டலைப் பெறுகின்றார். மேடை எவருக்கும் உரியதாகாமல் மறைகின்றது. அதில் ஒருவர் விதைப்பதுமில்லை, குடியிருப்பதுமில்லை. நிலத்துக்கான போராட்டத்தின் விறுவிறுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு, நிலத்தை மட்டும் விட்டுவிட்ட உருவம் இது. அதன் இன்பமும் அங்கேதான் உள்ளது. அதன் கருத்துநிலை வரம்பும் அங்கேதான் உள்ளது.

5

இனி, தள்ளப்பட்டவரின் நிலையை நோக்குவோம். விமர்சகர் பலர் அடிப்பவரையே கவனிக்கின்றனர். இவ்வாட்டத்தின் உயரிய திறன்களோ தள்ளப்பட்டவரிடமே தேவைப்படுகின்றன.

எறியப்பட்டவர் வெறும் பந்தன்று. அடி விழும் கணத்தில் தன் கைப்பிடியைச் சாய்ப்பதன் மூலம் தான் பறக்கும் கோணத்தை அவர் ஓரளவு மாற்றலாம். விசையின் அளவு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. திசையின் ஒரு பங்கு அவர் கையில் உண்டு. திறமை மிக்கோர் அச்சிறு பங்கைக் கொண்டே எல்லைக்கோட்டுக்கு இப்பால் தங்கிவிடுகின்றனர். பின்னர் அவர் மீளவேண்டும். இடைவெளியில் ஒரு தாவல், மேலெழும் சிறப்பு அசைவு ஒன்று என அவருக்குள்ள வளங்கள் சொற்பம். அவற்றை எப்பொழுது செலவிடுவது என்பதே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினா. விரைந்து செலவிட்டவர் வெறுங்கையோடு வீழ்வார். தாமதித்தவர் கீழெல்லையைத் தொட்டுவிடுவார்.

மேலும் இரு விதிகள் குறிப்பிடத்தக்கன. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின் அதன் வலு குன்றும். ஆதிக்கம் தன் பழக்கத்தாலேயே மழுங்குகின்றது. 2014ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து, தன் சதவீதம் உயர்ந்தவரின் அடி கூடுதலாகத் தள்ளும். ஆட்டக்காரர் இதனை 'றேஜ்' என்பர், சினம் எனலாம். காலூன்றல் மிகத் தளர்ந்தவரே மிக வலிமையாகத் தள்ளக்கூடியவராகின்றார். வழமையான போர் விளையாட்டில் அடிபட்டவர் படிப்படியாக அழிவையே அணுக, இங்கு அடிபடுதல் ஒரே வேளையில் பலவீனமாகவும் பலமாகவும் ஆகின்றது. இயங்கியல் என்னும் சொல்லை நாம் எளிதில் வழங்கும் வழக்கமுடையோம். இவ்விதியின் விடயத்தில் அச்சொல்லை வழங்குதல் மிகையன்று.

நிர்ணயவாதத்துக்கும் மனிதச் செயலூக்கத்துக்கும் இடைப்பட்ட பழைய விவாதம் இங்குக் கைவிரல்களால் நடத்தப்படுகின்றது என்று கூறத் தோன்றுகின்றது. ஆயின் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆட்டத்துள் ஒவ்வொருவரும் சம எண்ணிக்கையான உயிர்களோடும் பூச்சியச் சதவீதத்தோடும் தொடங்குகின்றனர். தள்ளுவிசை அனைவருக்கும் பொதுவான ஒரே சமன்பாட்டின் வழி வருகின்றது. தொடக்கச் சமத்துவம் என்னும் இக்கற்பனை எல்லா விளையாட்டுக்கும் இன்றியமையாதது. அதனை உலகின் சித்திரமாகக் கொள்ளும்போதே அது கருத்துநிலையாகின்றது.

6

மேடை யாருடையது என்ற வினாவுக்கு இப்பொழுது வருகின்றோம். 1999ஆம் ஆண்டு விளையாட்டின் தொடக்கக் காட்சி அதற்கு வியப்பூட்டும் விடையொன்றை வைத்திருக்கின்றது. வெண்கையுறை அணிந்த ஒரு பெருங்கை பெட்டியிலிருந்து பொம்மைகளை எடுத்து ஒரு மேசையில் வைக்கின்றது, மேசைப் பொருள்களை ஒழுங்குபடுத்துகின்றது, விரலைச் சொடுக்குகின்றது. மேசை போர்க்களமாகின்றது, பொம்மைகள் உயிர்பெறுகின்றன. தனியாள் ஆட்டத்தின் இறுதி எதிரியும் அக்கையே. அதற்கு மட்டும் சதவீதம் இல்லை. குறைந்து செல்லும் உயிரெண் உண்டு. எவ்வளவு வலிய அடியும் அதனை மேடையினின்றும் எறிவதில்லை. போராளிகள் அனைவரையும் ஆளும் தள்ளுவிசையின் நியதி, போராளிகளை மேடையில் வைத்த கைக்குச் செல்லுபடியாவதில்லை. அது மேடையின் மேல் நிற்கவேயில்லை. மேடையின் வெளியிலிருந்து வருகின்றது.

இக்காட்சியை ஆக்கியோர் பிள்ளைகளின் கற்பனை விளையாட்டை நினைத்தே அமைத்திருக்கலாம். நாமும் அக்கையை ஒரு வர்க்கத்தின் குறியீடாக இயந்திரப்பாங்கில் பெயர்த்துவிட விரும்பவில்லை. எனினும் இவ்விளையாட்டை ஆடிய சமூகத்தின் வரலாறு அக்காட்சியை வேறு பொருளோடு வாசிக்க எம்மைத் தூண்டுகின்றது.

2001ஆம் ஆண்டு வடிவமாகிய 'மெலீ' கேம்கியூப் கருவிக்காக வெளிவந்தது. அக்கருவியின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் சென்ற பின்னரும் ஆட்டக்காரர் அதனை விட்டுவிடவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுமந்து சென்று, மண்டபங்களில் தாமே போட்டிகளை நடத்தினர்; களங்களுள் எவை நேர்மையானவை எனத் தாமே தீர்மானித்தனர்; பொருள்கள் விழுவதைத் தாமே நிறுத்தினர். விளையாட்டின் இலக்கண நூலை எழுதியோர் ஆட்டக்காரரே. இவ்வுழைப்புக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது.

2013இல் அமெரிக்காவில் நடைபெறும் எவோ என்னும் போர் விளையாட்டுப் போட்டியில் இடம்பெறுவதற்காக, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டும் போட்டி ஒன்று பல்வேறு ஆட்டச் சமூகங்களிடையே வைக்கப்பட்டது. மெலீ ஆட்டக்காரர் 94,000 டொலருக்கு மேல் திரட்டி இடத்தை வென்றனர். அதன்பின் நின்டெண்டோ அப்போட்டியை இணையத்தில் ஒளிபரப்பத் தடை கூறியது. எதிர்ப்பு எழவே, அத்தடையைக் கைவிட்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நேரில் கூடமுடியாதிருந்தபோது, ஆட்டக்காரர் தாமே ஆக்கிய 'ஸ்லிப்பி' என்னும் நிரல் இருபது ஆண்டுப் பழைமையான அவ்விளையாட்டை இணையவழி ஆட வைத்தது. அதனைப் பயன்படுத்தி நடைபெறவிருந்த 'த பிக் ஹவுஸ்' போட்டிக்கு நிறுவனம் அவ்வாண்டு நவம்பரில் தடைக் கடிதம் அனுப்பியது. சட்டவிரோதப் பிரதிகள் பயன்படுத்தப்படுகின்றன என்பது நிறுவனத்தின் வாதம். போட்டி கைவிடப்பட்டது. 2023 ஒக்டோபரில் வெளியிடப்பட்ட நெறிமுறைகள், தனி உரிமம் பெறாத சமூகப் போட்டிகளில் நேரில் 200 பேருக்கும் இணையவழி 300 பேருக்கும் மேல் பங்குபற்றலாகாது என வரையறுத்தன.

சட்டத்தின் முன் நிறுவனத்தின் உரிமை பற்றி இங்கு வாதிடுதல் எமது நோக்கமன்று. உருவத்தையே நாம் கவனிக்கின்றோம். அக்கடிதம் எவரையும் காயப்படுத்தவில்லை. எவருடைய சதவீதமும் ஏறவில்லை. விளிம்பை எட்டிக்கொண்டிருந்தோர்மீது மெல்லிய நீர் பாய்ந்தது, அவ்வளவே. ஆட்டத்தின் நான்காம் வகைத் தள்ளல், ஆட்டத்துக்கு வெளியே தன் முழுப்பொருளோடு நிகழ்ந்தது.

இங்கு முன்னர் குறித்த செய்திக்குத் திரும்புவோம். சகுராயும் இவாதாவும் முதல் மாதிரியைப் பெயரற்ற உருவங்களோடு ஆக்கியபின், மாரியோ, டொங்கி கொங் முதலிய புகழ்பெற்ற பாத்திரங்களை அதில் இணைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே நின்டெண்டோவின் அனுமதியைப் பெற்றிருக்கவில்லை. ஆட்டம் நன்றாக அமைந்த பின்னரே அது முன்வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அனுமதியின்றி, ஓய்வு நேர உழைப்பால், பிறர் உடைமையான உருவங்களை எடுத்தாண்டு பிறந்த ஆக்கம் அது. அதே வழியில், அனுமதியின்றி, ஓய்வு நேர உழைப்பால் அதனை வாழவைத்தோரே பின்னர் மேடையினின்றும் தள்ளப்பட்டனர். இவாதா 2002 முதல் 2015இல் தாம் மறையும்வரை அந்நிறுவனத்தின் தலைவராயிருந்தார் என்பதும், 2013ஆம் ஆண்டுச் சம்பவம் அக்காலத்துக்குரியது என்பதும் கருதத்தக்கன. இதில் தனிமனிதரின் நன்றியின்மையைத் தேடுவது வீண். படைப்பாற்றல் கூட்டாகவும் கட்டற்றும் வளர, உடைமை உறவுகள் அதனை உரிமப் பத்திரத்துக்குள் ஒடுக்க முற்படும் முரண்பாடே இங்கு செயற்படுகின்றது.

7

முற்போக்கு விமர்சனம் இத்தகைய ஆக்கங்களிடம் எதனை எதிர்பார்க்கலாம்? புரட்சியை அன்று. உருவத்தை உண்மையோடு வாசிப்பின், அதனை ஆக்கியோரும் விற்போரும் சொல்ல எண்ணாத சிலவற்றை அது சொல்லும் என்பதை மட்டுமே. காயப்படாமலும் ஒருவர் இடமிழக்கலாம், முந்திப் பற்றியிருத்தலே பிறரை வீழ்த்தலாம், உடைமைவிதிகள் மாற்றத்தக்கவை, தள்ளப்பட்டவரிடமும் திசையின் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். இவை நான்கும் தள்ளுவிசை என்னும் ஒரே உருவக்கூறினுள் அடங்கியுள்ளன. எந்தப் பாத்திரமும் இவற்றை வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆடுவோரின் கைகள் இவற்றை அறிந்திருக்கின்றன.

கைகள் அறிந்ததைக் கருத்து அறியச் செய்தலே விமர்சகரின் பணி. 2020இல் தடைக் கடிதத்தைப் பெற்ற பின்னரும் ஆட்டக்காரர் ஸ்லிப்பியில் ஆடுவதை நிறுத்தவில்லை. சிறு மண்டபங்களில் போட்டிகள் தொடர்ந்தும் நடைபெற்று வருகின்றன. அவர்கள் எதிர்கொள்ளும் பெருங்கையைத் தள்ளிவிட முடியாது என்பதை அவர்களுடைய விளையாட்டே 1999இல் கற்பித்தது. அதற்கும் ஓர் எண் உண்டு, அவ்வெண் குறைந்துசெல்லும் என்பதையும் அதே விளையாட்டுத்தான் கற்பித்தது.